புள்ளிக்கோட்டின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசிக்கலாம்.

போன தவணை விடுமுறையில் ஒரு வேலை என் தலையில் விழுந்தது. பாடசாலையில் பாவனையில் உள்ள படிவங்களை எல்லாம் கணினியிலும் போனிலும் நேரடியாக நிரப்பக்கூடிய மாதிரி மாற்ற வேண்டும். தரம் 1 அனுமதி விண்ணப்பம், சுற்றுலாவுக்கான பெற்றோர் சம்மதக் கடிதம், ஆசிரியர் லீவுப் படிவம், மாணவர் விபரத் திரட்டு என்று முப்பதுக்கு மேற்பட்ட வேர்ட் பைல்கள். தீவில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். தந்தை கொழும்பிலோ கட்டாரிலோ இருப்பார். அடையாள அட்டை இலக்கம் எழுத மறந்த ஒரு பேப்பர் இரண்டு முறை கடல் தாண்டும்.

ஒவ்வொரு பைலாகத் திறந்து, ஒவ்வொரு புள்ளிக்கோட்டையும் அழித்து, அந்த இடத்தில் நிரப்பும் கட்டம் வைப்பதென்றால் லீவு முடிந்து அடுத்த தவணையும் முடிந்துவிடும். அதனால் பைதன் மொழியில் எழுதிய ஒரு சிறிய கருவியைப் பிடித்தேன். பைலைக் கொடுத்தால் அது தானாகவே வெற்றிடங்களைத் தேடிக் கட்டங்களைப் பொருத்தித் தரும். அது ஓடிக்கொண்டிருந்த இரவில்தான் இந்த யோசனை வந்தது. இந்தப் புள்ளிக்கோட்டை முதன்முதலில் போட்டது யார்? "இங்கே நீ எழுது, இங்கே எழுதாதே" என்று முடிவு எடுத்தது யார்? வரலாறு படிப்பிக்கிற ஆளுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் நித்திரை போய்விடும்.

தேடத் தொடங்கிய இடம் நம்ம ஊரேதான். நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு பலருக்குத் தெரியும். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதும், உடைந்த கப்பல்களின் பொருளைப் பங்கிடுவதும் அதன் விடயம். யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் பண்டாரத்துக்கு நான்கில் ஒரு பங்கு, மிச்சம் மூன்றும் உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி.

இது படிவம் அல்ல, நிரப்ப இடமில்லை. ஆனால் படிவத்தின் மூளை இதில் இருக்கிறது. கப்பலின் வகை என்ன? யானை குதிரையா, சரக்கா? விடையைப் பொறுத்துக் கணக்கு மாறும். இன்று வேர்டில் நான் வைக்கும் கீழ்விரி பட்டியல் செய்வதும் இதைத்தான். பாதிக் கப்பலில் குதிரையும் பாதியில் மிளகும் இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். இரண்டே தெரிவு உள்ள படிவங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள வில்லங்கம் அது.

உண்மையான வெற்றிடம் எங்கே வருகிறது? நம்மவர்களிடமே வருகிறது. முஸ்லிம் உலகில் காதி நீதிமன்றங்களுக்காக "ஷுரூத்" என்றொரு நூல் வகை வளர்ந்தது. விற்பனை, வாடகை, வக்ஃபு, கடன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டிய பத்திரத்தின் மாதிரிகள். எகிப்தில் வாழ்ந்து 933இல் வபாத்தான இமாம் தஹாவி இதில் பெரிய ஆள். (நாம் ஷாஃபிஈகள், அவர் ஹனஃபி என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். ஷாஃபிஈ இமாமின் மாணவர் முஸனீ அவருக்குத் தாய்மாமன்தான்.) அந்த மாதிரிப் பத்திரங்களில் பெயர் வர வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு இல்லை, ஒரு சொல் இருக்கிறது: ஃபுலான் இப்னு ஃபுலான். தமிழில் இன்னார் மகன் இன்னார். பத்திரம் எழுதுகிறவர் அந்த இடத்துக்கு வரும்போது மரைக்காரின் பெயரோ வேறு யாருடையதோ, உரியதைப் போட்டு எழுதிக்கொண்டு போவார். வேர்டில் ஒரு புதிய கட்டத்தைத் திறந்தால் உள்ளே மங்கலாக ஒரு வாசகம் இருக்குமே, "இங்கே தட்டி எழுதவும்" என்று, அந்த வாசகத்தின் மூதாதை இந்த ஃபுலான்.

ஆனால் அந்த முறையில் பத்திரம் முழுவதையும் கையால் திரும்ப எழுத வேண்டும். ஒரே வாசகத்தை ஆயிரம் பேருக்கு அடித்து, பெயருக்கு மட்டும் வெள்ளை இடம் விடும் வித்தை அச்சோடு ஐரோப்பாவில் வந்தது. குட்டன்பேர்க் என்றால் நாம் பைபிள் என்று படிப்பிக்கிறோம். பைபிள் முடிந்தது 1455 அளவில். அதற்கு முன்பே, 1454இல், பாவமன்னிப்புச் சீட்டுகள் மைன்ஸ் நகரில் அச்சாகிவிட்டன. வாசகம் எல்லாம் அச்சில், வாங்குபவரின் பெயருக்கும் திகதிக்கும் மட்டும் வெற்றிடம். எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழைய சீட்டு 1454 ஒக்டோபர் 22 அன்று நிரப்பப்பட்டது. ஐரோப்பிய அச்சில் திகதியோடு நமக்குக் கிடைக்கும் முதல் பொருட்களில் ஒன்று ஒரு விண்ணப்பப் படிவத்தின் மச்சான்! காசு எதற்கு? சைப்பிரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்க. வாசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

இந்தப் பழக்கம் நம்ம கரைக்கு அதிகாரத்தோடு வந்தது. போர்த்துக்கேயர் தோம்பு எழுதினார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காணிக்கு ஒரு தோம்பு, தலைக்கு ஒரு தோம்பு என்று விரித்தார்கள். தீவுகளின் பெயர் இருந்த இடத்திலும் தங்கள் ஊர்ப் பெயர்களை நிரப்பினார்கள். நயினாதீவு ஹார்லெம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடல்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் இன்னும் படகில் எழுதிக் கிடக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் 1867இல் பிறப்பு இறப்புப் பதிவும் 1871இல் முதல் முழுமையான குடிசன மதிப்பீடும் வந்தன. அத்தோடு ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு "இனம்" என்ற கட்டம். என் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் "முஸ்லிம்" என்று சொல்லும். பிறப்புச் சான்றிதழில் "இலங்கைச் சோனகர்" என்று இருக்கும். இது என்ன ரீச்சர், நாங்கள் வேறு ஆக்களா என்று ஒரு பிள்ளை கேட்டது. அதே சான்றிதழில் "பெற்றோர் விவாகம் செய்தவர்களா" என்றும் ஒரு நிரல் இருந்தது. தரம் 1 அனுமதிக்கு அந்தச் சான்றிதழை நீட்டும் சில தாய்மாரின் கை அந்த நிரலை மறைத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு மேசையில் ஒருவர் கீறிய கோடு அது.

மொழிக் கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகப் போகிறேன். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு கோட்டின் இடப்பக்கம் என்ன கேட்கிறது என்றே விளங்காத படிவங்கள் நம் கைக்கு வந்தன. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பிறகும் அது நின்றுவிடவில்லை. வாப்பா ஒருமுறை ஒரு அலுவலகத்தின் சிங்களப் படிவத்தில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தொழிலை எழுதிவிட்டார். அவருடைய தகப்பன் பெயர் "தையல்" என்று கொஞ்சக் காலம் பதிவில் இருந்தது.

வாப்பாவுக்குப் பிரச்சினை தந்த இன்னொரு கோடு உண்டு. நாங்கள் யாழ்ப்பாணம் சோனகதெரு ஆக்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கொடுத்த கதையை இங்கே திரும்ப எழுதவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. புத்தளத்தில் அகதி முகாமில் இருந்து நாங்கள் நிரப்பிய எல்லாப் படிவத்திலும் இரண்டு கோடு இருக்கும். நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. கூரை இல்லாத, நாங்கள் போகவே முடியாத வீடு நிரந்தரம். பத்தொன்பது வருடம் நித்திரை கொண்ட ஓலைக் கொட்டில் தற்காலிகம். வாப்பா ஒருநாளும் மாற்றி எழுதவில்லை. நிரந்தரக் கோட்டில் சோனகதெரு என்றே எழுதுவார். "உண்மையில் எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்ட உத்தியோகத்தரிடம், "உண்மையை இரண்டாம் கோட்டில் எழுதியிருக்கிறேன்" என்றார்.

நிரப்பும் கட்டத்துக்கு ஐ.சி.ரீ. பாடப்புத்தகத்தில் "புலம்" என்று பெயர். புலம்பெயர்ந்தவர்களின் அதே புலம்.

சரி, வேர்டுக்கு வருவோம். 1990களின் வேர்டிலேயே படிவப் புலங்கள் இருந்தன: எழுதும் இடம், சரி போடும் பெட்டி, கீழ்விரி பட்டியல் என்று மூன்று. படிவத்தைப் பூட்டினால்தான் அவை வேலை செய்யும். அந்தக் கீழ்விரி பட்டியலில் ஆகக் கூடியது 25 தெரிவுகள்தான். இலங்கையின் மாவட்டங்களும் 25. 1984இல் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்ததோடு அந்த எண்ணிக்கை. சரியாகக் கொள்ளும், ஆனால் மேலே "மாவட்டத்தைத் தெரிவு செய்க" என்று ஒரு வரி போட இடமில்லை. போட்டால் ஒரு மாவட்டத்தை வெளியேற்ற வேண்டும்.

2007ஆம் ஆண்டு வேர்டோடு முறை மாறியது. அதுவரை வேர்ட் பைல் மற்றவர்களுக்கு மூடிய பெட்டி. டொக்ஸ் என்ற புதிய வகை உண்மையில் ஒரு சிப் பொதி. நம்பாவிட்டால் ஒரு பிரதியின் கடைசிப் பெயரை சிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே சில கோப்புறைகளும் வெறும் எழுத்துப் பைல்களும் இருக்கும். அதன் இலக்கணம் 2006இல் எக்மா தரமாகவும் 2008இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் வெளியானது. நிரப்பும் கட்டம் இப்போது அந்த எழுத்துப் பைலில் எஸ்.டி.டி. என்ற ஓர் அடைப்பு, அதற்குள் கட்டத்தின் பெயர், மங்கலான வழிகாட்டி வாசகம், பிறகு நிரப்பிய விடை. வெறும் எழுத்து என்பதால் வேர்டைத் திறக்காமலே ஒரு கருவி அந்த அடைப்பை எழுதிவிடலாம். முப்பது பைலை ஒரு ராத்திரியில் முடிக்கலாம் என்று நான் நினைத்ததும் இதை நம்பித்தான்.

கருவி செய்வது எளிமை. தொடர்ச்சியாகப் புள்ளிகள் வந்தால், அடிக்கோடுகள் வந்தால், அட்டவணையில் வெறும் கட்டம் இருந்தால் அது வெற்றிடம். அதற்கு இடப்பக்கம் உள்ள சொல் அதன் பெயர். சொல்லில் திகதி என்று இருந்தால் நாட்காட்டிக் கட்டம். இவ்வளவுதான். காலையில் எழும்பிப் பார்த்தால் பாதிப் பைல்களில் ஒரு கட்டமும் இல்லை!

காரணங்களைத் தேட இரண்டு நாள் போனது. சில பைல்களில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள் புள்ளிகளே அல்ல. ராப் விசையை அழுத்தினால் வேர்ட் தானாக இழுத்துக் காட்டும் அலங்காரம் அது, எழுத்தில் ஒரு புள்ளியும் கிடையாது. சிலவற்றில் புள்ளிகள் உண்டு, ஆனால் யாரோ நடுவில் இரண்டை அழித்துத் திரும்ப அடித்ததால் வேர்ட் அதே கோட்டை உள்ளுக்குள் நாலு துண்டாக வைத்திருக்கிறது. துண்டு துண்டாகத் தேடும் கருவிக்குக் கோடு தெரியாது. முதலில் துண்டுகளைச் சேர்த்துவிட்டுத் தேடச் சொன்ன பிறகு சரி வந்தது.

பெரிய வில்லங்கம் பாமினி. நம்ம நாட்டுப் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் பழைய பைல்கள் அநேகம் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் "பெயர்" என்று தமிழ் தெரியும். உள்ளே இருப்பது என், ஜி, ஏ, யு என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். தமிழ் யுனிகோட்டில் 1991இலேயே இடம் பிடித்துவிட்டது, ஆனால் நம்ம பைல்கள் அங்கே குடிபோகவில்லை. என் கருவி "பெயர்" என்று தேடுகிறது, பைலில் பெயரே இல்லை.

அதைவிட மோசம், கட்டம் விழுந்த இடங்களில் நடந்தது. புதிய கட்டம் பக்கத்துச் சொல்லின் எழுத்துருவைத் தானும் எடுத்துக்கொள்கிறது. ஒரு தாய் போனில் அடையாள அட்டை இலக்கத்தை ஒழுங்காகத்தான் அடித்து அனுப்பினார். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ என்ற ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த இலக்கமே ஒரு நிரப்பிய படிவம்தான். என் கணினியில் திறந்தால் கடைசி எழுத்து "ஏ" என்று நிற்கிறது. பாமினியில் பெரிய வீயின் உருவம் ஏ. படிவம் என்னைப் பார்த்து ஏ என்று கூப்பிடுவது போல இருந்தது. எல்லாப் பைலையும் முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, பிறகு கருவியை ஓட்டி, கட்டத்தின் எழுத்துருவைத் தனியாகக் குறிப்பிட்ட பிறகுதான் ஓய்ந்தது.

கருவியின் மற்றக் குற்றம் அதன் தாராள மனது. வெற்றிடம் கண்டால் யாருக்கு உரியது என்று பார்க்காது. "அலுவலக உபயோகத்திற்கு மாத்திரம்" என்ற பெட்டிக்குள்ளும் பெற்றோர் எழுதக் கட்டம் போட்டுவிட்டது. ஒரு தகப்பன் "அதிபரின் சிபாரிசு" என்ற இடத்தில் "மிகவும் நல்ல பிள்ளை, கட்டாயம் சேர்க்கவும்" என்று தானே எழுதி அனுப்பியிருந்தார். அதிபர் வாசித்துவிட்டு, நானும் இதைத்தான் எழுதியிருப்பேன் என்றார்.

இவ்வளவு பிழையையும் திருத்தலாம், திருத்தினேன். ஒன்றை மட்டும் கருவியால் செய்ய இயலாது என்று கடைசிப் பைலில் விளங்கியது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பாடசாலை வேலையைக் கேள்விப்பட்டு, திருமணப் பதிவு வேலை பார்க்கும் மௌலவி ஒருவர் தன்னுடைய விபரத்தாளையும் அனுப்பினார். பதிவுப் புத்தகம் அரசாங்கத்தினுடையது, அது அச்சில் வரும். இது நிக்காஹ்வுக்கு முதல் இரு வீட்டாரிடமும் விபரம் எடுக்க அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவர் தயாரித்த தாள். கருவி அழகாக வேலை செய்தது. மாப்பிள்ளையின் பெயர், வயது, தொழில், முகவரி, கையொப்பம். வலியின் பெயர், உறவுமுறை, கையொப்பம். சாட்சிகள் இருவர், கையொப்பம். மஹர் தொகை. மணமகளின் பெயர், வயது, முகவரி, தகப்பன் பெயர். பட்டியலை மேலிருந்து கீழ் இரண்டு தரம் பார்த்தேன். மணமகளுக்குக் கையொப்பக் கட்டம் இல்லை.

கருவியில் பிழை இல்லை. தாளில் கோடு இருந்தால்தானே கட்டம் போடும். மௌலவியிலும் பிழை இல்லை, அவர் புத்தகத்தைப் பார்த்துச் செய்தவர். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பதிவுக்கு மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் அறிக்கை 2018இல் வந்தது, அதுவும் இரண்டு கருத்தாக. அதைப் பற்றி நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், நான் சொல்வது ஒரு தாளைப் பற்றி.

புத்தளத்தில் நடந்த என் நிக்காஹ் பதிவை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். வாப்பாவின் கையொப்பம் இருக்கிறது, நிரந்தர முகவரி சோனகதெரு. என் வீட்டுக்காரரின் கையொப்பம் இருக்கிறது. இரண்டு சாட்சிகளில் ஒருவரை எனக்கு இன்றும் யாரென்று தெரியாது, அவருடைய கையொப்பமும் இருக்கிறது. என்னிடம் சம்மதம் கேட்டார்கள், வாயால் சொன்னேன், மார்க்கத்தில் அது போதும். நான் அன்று பட்டதாரி ஆசிரியை. தினமும் வரவுப் புத்தகத்தில் கையொப்பம் போடுகிறவள். ஷுரூத் எழுதிய இமாம்கள் கடன் பத்திரத்துக்கே சாட்சி, திகதி என்று எத்தனை கவனம் எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த விபரத்தாளில் வலியின் கையொப்பத்துக்கு மேலே நானே கையால் ஒரு கோடு போட்டேன். "மணமகளின் சம்மதமும் கையொப்பமும்." பிறகு கருவியைத் திரும்ப ஓட்டினேன். கட்டம் விழுந்தது.

மௌலவி இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தார். "ரீச்சர், நாற்பத்தொன்று என்று சொன்னீங்க, எண்ணிப் பார்த்தா நாற்பத்திரண்டு கட்டம் இருக்கு."

"ஓம் மௌலவி. ஒன்று நான் போட்டது. சட்டம் கேட்காத இடம்தான், வேண்டாமென்றால் அழித்துவிடுங்கோ. சுலபம், கட்டத்தைத் தொட்டு அழித்தால் போகும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "என்ட மகளுக்கும் வாற மாதம் நிக்காஹ். அவகிட்டக் காட்டிட்டுச் சொல்றன்" என்றார்.

அழிக்கவில்லை. போன கிழமை நிரப்பிய தாள் ஒன்று சரிபார்க்க வந்தது. நாற்பத்திரண்டும் நிரம்பியிருந்தது.

பாடசாலைப் படிவங்களும் கருவியும் வேண்டிய ஆசிரியர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். பைல் பாமினியில் இருந்தால் யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டு அனுப்பவும். "அலுவலக உபயோகத்திற்கு மாத்திரம்" பெட்டியை மறக்காமல் பூட்டவும்.